சின்னண்ணையை மேடையேற்றிய மகனுக்கு

அப்பன்,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். சுகமில்லை என்று எழுதினால் நீ உடனே ஏதாவதொரு டொக்டரைப் பார்க்க நேரம் கேட்டு டேர்மின் எடுத்துவிடுவாய். பிறகு அந்த டேர்மினைப் பற்றியே கதைத்துக் கதைத்து இந்தக் கதையை மறக்கடித்துவிடுவாய். அதனால் பிரஷரும் முழங்காலும் இருந்தபடியே இருக்கின்றன என்று வைத்துக்கொள். தொலைபேசியில் உன்னோடு கதைத்து வெல்ல எனக்கு இப்போது ஏலாது. முந்தியெல்லாம் நான் சத்தம் போட்டால் நீ அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்துவாய். அது எவ்வளவோ நல்லது. இப்போது நீ கோபப்படுவதே இல்லை. "விளங்குது அம்மா, விளங்குது" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே நீ நினைத்த இடத்துக்கு என்னைக் கொண்டுபோய் இருத்திவிடுகிறாய். கட்சியில் அதைத்தான் முதலில் பழக்குவார்கள் போலிருக்கிறது. ஆகவே எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். நல்லது, ஆறுதலாக வாசி. நடுவில் புகுந்து விளக்கம் சொல்ல உனக்கு இதில் வழியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கெல்சென்கிர்ச்சனில் நீ வைத்த கோடை விழாவுக்கு அப்பாவும் நானும் கொலோனில் இருந்து ரெயின் ஏறி வந்தோம். புதுச் சப்பாத்து கடிக்கிறது என்று அப்பா வழி முழுக்க முனகிக்கொண்டு வந்தார். எனக்கென்றால் நிலத்தில் கால் படவில்லை. மகன் நகரசபைத் தேர்தலில் நிற்கிறான் என்று அவ்வளவு புளுகம், அவ்வளவு சந்தோஷம். மண்டப வாசலில் உன் படம் ஆள் உயரத்துக்கு நின்றது. அதற்குக் கீழே உன் பெயர், அதற்கும் கீழே சின்ன எழுத்தில் நடனமாட வந்த பிள்ளைகளின் பெயர்கள். உள்ளே முதல் வரிசைக் கதிரைகளில் பெயர் ஒட்டியிருந்தது. கட்சிக்காரர், கடை முதலாளிமார், கோயில் தலைவர், சங்கத் தலைவர். எங்களை இரண்டாம் வரிசையில் இருத்தினாய். விடிந்ததிலிருந்து ரோல்ஸ் பொரித்துக் களைத்த பெண்கள் ஆகப் பின்னுக்கு, சமையலறைக் கதவடியில் நின்றபடி பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் புஷ்பம் அக்கா. எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி, என்னைப் போலவே அகதியாக வந்து இங்கே தலை நரைத்தவள். நடனம் முடிந்து நீ ஒலிவாங்கியைப் பிடித்தாய். ஜெர்மன் மொழியில் கொஞ்சம், தமிழில் கொஞ்சம். சிறுவர் பள்ளிகளில் இடமில்லை என்றாய், பஸ் ஓடுவதில்லை என்றாய். சனம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது உனக்கு மேடையிலிருந்து தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று குரலை இறக்கினாய்.

"என்ர மாமாவை ஆமி சந்தியிலை மின்கம்பத்தோடை கட்டி வைச்சுச் சுட்டது. பள்ளிக்கூடம் போற வயசிலை அதைக் கண்ணாலை பார்த்தவ என்ர அம்மா. அந்த அம்மா இண்டைக்கு இஞ்சை இருக்கிறா."

வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. அதை முதலே சொல்லி வைத்திருந்திருக்கிறாய், இல்லாவிட்டால் விளக்குப் பிடித்த அந்தப் பெடியனுக்கு நான் இருந்த கதிரை எப்படித் தெரியும்? மண்டபம் முழுக்க எழும்பி நின்றது. முன்வரிசையில் அதுவரை கைபேசியைத் தடவிக்கொண்டிருந்த ஜெர்மன்காரர் கமரா தன் பக்கம் திரும்பியதும் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். புஷ்பம் அக்காவும் எழும்பிக் கை தட்டினாள். தட்டியபடியே என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அப்பன். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சனம் எல்லாருக்கும் தெரியும். என் சின்னண்ணையைக் கட்டியது ஆமி இல்லை, அரசாங்கத்து ராணுவம் இல்லை. எங்கள் பெடியள். துவக்கோடு திரிந்த எங்கள் சொந்தப் பெடியள். அவர்கள் எந்த இயக்கம் என்று நான் எழுத மாட்டேன், அந்த நாளில் ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டுதான் எல்லாரும் இதைச் செய்தார்கள். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பி வெளியே நடந்தேன். தாங்க முடியாமல் போகிறாள் பாவம் என்று சனம் இன்னும் பலமாகத் தட்டியது. நான் வெறுத்து வெளியேறியதைக்கூட உன் நிகழ்ச்சிக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நேரம் எனக்கு வந்த வெட்கத்தை எழுத எனக்குத் தமிழ் காணாது.

வாசலில் புஷ்பம் அக்கா பின்னால் ஓடி வந்தாள். "விடு பிள்ளை, பெடியன் வெல்லட்டும். இனி ஆர் அதைக் கிளறப் போகினம்?" என்றாள். அப்பா ரெயினில் அதையே வேறு மாதிரிச் சொன்னார். ஆர் சுட்டால் என்ன, செத்தவன் செத்தவன்தானே, பெடியன் மேடையில் நன்றாகத்தானே கதைத்தான் என்றார். அடுத்த நாள் அவருக்கு நான் சமைக்கவில்லை. பாணும் ஜாமும் தின்றுவிட்டு வேலைக்குப் போனார்.

திங்கட்கிழமை நீ தொலைபேசி எடுத்தாய். மன்னிப்புக் கேட்கத்தான் எடுக்கிறாய் என்று நினைத்தேன், மடச்சி. நீ சனிக்கிழமையைப் பற்றிக் கதைத்தாய். அந்தப் பெரிய கல்யாண மண்டபத்தில் தேர்தலுக்கு முதல் கடைசிக் கூட்டம், பத்திரிகைக்காரர் வருவார்கள், பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் சனம் வரும், ஞாயிறு எடுத்த வீடியோவை இவ்வளவு பேர் பார்த்திருக்கிறார்கள் என்று அடுக்கினாய். நான் கேட்டேன், ஏன் ஆமி என்று சொன்னாய், உனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று. நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பிறகு நான் கூட்டிச் சொன்னேன் என்று நீ சொல்லக் கூடாது.

"அம்மா, உண்மையைச் சொன்னால் எங்கட சனத்திலை அரைவாசி எழும்பிப் போயிடும். மற்ற அரைவாசிக்கு விளங்காது. நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. எனக்குப் பக்கத்திலை நிண்டால் காணும்."

நிண்டால் காணும்! நின்றாலே போதுமாம்! அதற்குத்தான் இந்தக் கடிதம். சனிக்கிழமை உனக்குப் பக்கத்தில் வாய் மூடி நின்று, என் அண்ணையின் சாவு நடந்தபடி நடக்கவில்லை என்று நான் சாட்சி சொல்ல வேண்டுமாம். வாயால் இல்லை, முகத்தால். என் நரைத்த தலையால். அது நடக்கிறதா இல்லையா என்பதுதான் இப்போது உனக்கும் எனக்கும் இடையில் இருக்கிற கதை. மற்றதெல்லாம் பிறகு.

நீ இதெல்லாம் தெரியாத ஆள் என்றால் நான் இவ்வளவு எரிய மாட்டேன். கூட்டம் என்றால் என்ன, மேடை என்றால் என்ன என்று எனக்குப் படிப்பித்ததே நீ. பல்கலைக்கழகத்தில் பழைய வரலாறு படித்துக்கொண்டிருந்த கோடையில், கெவலார் மாதா திருநாள் முடிந்து வரும் வழியில் எங்களை க்ஸாண்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். கெவலாரில் பூசை முடிந்து, காரின் டிக்கிகளைத் திறந்து வைத்து எல்லாச் சனமும் புரியாணி தின்றுகொண்டிருந்த நேரம். பக்கத்தில்தான் ரோமர் கட்டிய வட்டரங்கு இருக்கிறது, கெதியா வாங்கோ என்று அவசரப்படுத்தினாய். எனக்கு அதில் விருப்பமில்லை, கண்டவர்களோடு இன்னும் கொஞ்ச நேரம் கதைக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் உன் முகத்தைப் பார்த்து வந்தேன். வெயில் சுட்ட கற்படிகளில் இருத்தினாய். கீழே வட்டமாக மணல். ஜெர்மன் பிள்ளைகள் இரண்டு பேர் குச்சி பிடித்து வாள்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ நின்றபடி சொல்லத் தொடங்கினாய். அன்றைக்கு உன்னைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, என் வயிற்றில் பிறந்தது இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறதே என்று.

"இதைப் பொழுதுபோக்கு எண்டு நினைக்காதையுங்கோ அம்மா, இதுதான் அரசாங்கம்" என்றாய். சனம் சண்டையைப் பார்க்க மட்டும் வரவில்லையாம், யார் எங்கே இருக்கிறான் என்று பார்க்கவும்தான் வந்ததாம். ஊர்ச்சபைக்காரருக்கு மணலுக்குக் கிட்ட முதல் வரிசை. அதற்குப் பின்னால் பணம் உள்ளவன், அதற்கும் பின்னால் இல்லாதவன். ரோம் நகரத்தில் பெண்களையும் அடிமைகளையும் உச்சியில், ஆள் எறும்பு போலத் தெரிகிற தூரத்தில் இருத்தினார்கள் என்றாய். ஒரு மனிதனுக்குத் தன் இடம் எது என்பதை அடித்துச் சொல்லித் தருவதைவிடக் கதிரை போட்டுக் காட்டிவிட்டால் போதும், சண்டை பார்க்கிற சந்தோஷத்தில் அவன் அதையும் விழுங்கிவிடுவான் என்றாய். பதவிக்கு வந்தவன் சனத்துக்கு விளையாட்டுக் காட்டியே ஆக வேண்டும் என்றாய். சுவர்களில் அறிவிப்பு எழுதுவார்களாம், யார் சாகப் போகிறான் என்பதைவிட யார் காட்டுகிறான் என்ற பெயர் பெரிதாக இருக்குமாம். வெயிலுக்கு மேலே துணி கட்டப்படும் என்பதையும் மறக்காமல் எழுதுவார்களாம். தேர்தலில் நிற்கிறவன் அதற்கு முதல் வாள்சண்டை காட்டக் கூடாது என்று ரோமில் ஒரு சட்டமே போட வேண்டி வந்தது என்று சொல்லிச் சிரித்தாய். அவ்வளவுக்குக் காட்டி வாக்கு வாங்கியிருக்கிறார்கள் என்றாய். அந்தச் சட்டத்தை எனக்குச் சொன்னது நீதான், நான் எங்கேயும் படிக்கவில்லை.

பேரரசனையும் விடவில்லை நீ. அவனும் வந்து இருந்தாக வேண்டும், இருந்தால் மட்டும் காணாது, சனத்தோடு சேர்ந்து ரசிக்கவும் வேண்டும். பார்க்க வந்த இடத்தில் தன் கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்த ஒரு தலைவனைச் சனம் முறைத்ததாம், பின்னால் வந்தவன் அதைப் பார்த்துப் பாடம் படித்துக் கண்ணெடுக்காமல் பார்த்தானாம். வேறு எந்த இடத்திலும் வாய் திறக்க முடியாத சனம் அங்கே மட்டும் ஒன்றாகச் சத்தம் போட்டு, தானிய விலை கூடிவிட்டது என்று அவன் முகத்துக்கு நேரே கேட்கலாம். தோற்றுப்போய் மணலில் கிடக்கிற வாள்வீரனை விடச் சொல்லியும் கேட்கலாம். காட்டுகிறவன் சனத்தின் வாயைப் பார்த்துத்தான் முடிவு சொல்லுவான். அந்த நேரத்துக்கு மட்டும் ஒவ்வொருவனும் தன்னை ராசா என்று நினைப்பான், வீட்டுக்குப் போனால் அதே ஓட்டைக் கூரைதான் என்றாய். வாள்வீரனுக்குக் குடிமகன் என்ற மதிப்பில்லை, அவன் ஒரு பதவிக்கும் நிற்க முடியாது, ஆனால் அவன் பெயர் தெரியாத சின்னப்பிள்ளை இல்லை என்றாய். இந்தப் பக்கம் எல்லைப் பக்கம், ஆற்றுக்கு அந்தக் கரையில் அடங்காத சனம் இருந்தது, பிடித்து வந்தவர்களை மணலில் விட்டுக் கொல்லும்போது இந்தக் கரையில் இருந்து பார்க்கிறவனுக்கு நான் ரோமன் என்ற நினைப்பு எலும்பில் ஊறும் என்றாய். நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மத்தியானத்துக்கு வந்தாய். காலையில் மிருகங்கள், பின்னேரம் வாள்வீரர், நடுவில் வெயில் ஏறிய நேரத்தில் தண்டனை பெற்றவர்களைக் கொல்வார்கள், பெரிய மனிதர்கள் அந்த நேரத்தில் சாப்பிடப் போய்விடுவார்கள் என்றாய். சிலவேளை செத்துப் போகிறவனுக்குப் பழங்கதை நாயகனின் வேடம் போடுவார்களாம். யாழ் வாசித்து மிருகங்களை மயக்கிய ஒருவனின் கதை என்றால், கையில் யாழைக் கொடுத்துக் கரடிக்கு முன்னால் விடுவார்கள், கரடி மயங்காது. சாவு உண்மையான சாவு, ஆனால் செத்தவன் வேறு யாரோ. அவன் பெயரோ அவன் செய்த குற்றமோ ஒருவருக்கும் நினைவிருக்காது, வேடம்தான் நினைவிருக்கும் என்றாய். வேடம் போடாதவர்களைக் கழுத்தில் ஒரு பலகை கட்டி, அதில் அவன் யார் என்று எழுதி, மணலைச் சுற்றி நடத்துவார்கள் என்றாய். அந்த இடத்தில் நான் ரொயிலற் எங்கே என்று கேட்டு எழும்பிப் போனேன்.

திரும்பி வரும் வழியில் அப்பா பின்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நீ என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். அன்றைக்குத்தான் உனக்குச் சொன்னேன். சின்னண்ணை அன்ரன் றேடியோ திருத்துகிறவன் என்றும், முகாமிலிருந்து துவக்கோடு வந்த ஒரு ஆமிக்காரன் தன் றேடியோவைத் திருத்தித் தரச் சொன்னபோது அவனால் மாட்டேன் என்று சொல்ல ஏலாமல் இருந்தது என்றும், அதற்குப் பிறகு ஊரில் ஒரு பெடியன் பிடிபட்டதும் காட்டிக் கொடுத்தது இவன்தான் என்று முடிவு கட்டினார்கள் என்றும் சொன்னேன். கழுத்தில் மட்டை கட்டியிருந்தார்கள், அதில் துரோகி என்று எழுதியிருந்தது என்றும் சொன்னேன். நீ காரை ஓரத்தில் நிறுத்தி என் கையைப் பிடித்தாய். "அம்மா, அவையள் ரோமரிட்டைப் படிச்சிருக்கத் தேவையில்லை. கூட்டம் கூட்டத் தெரிஞ்ச எல்லாருக்கும் இது தானா வரும்" என்றாய். அந்த ஒரு வசனத்தில் என் மனம் எவ்வளவோ ஆறியது. என்னைச் சரியாக விளங்கிக்கொண்ட ஒரு ஆள் இந்த நாட்டில் இருக்கிறான், அவன் என் பிள்ளை என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளைதான் போன ஞாயிறு என் அண்ணைக்கு வேடம் போட்டவன். சந்தியும் மின்கம்பமும் கயிறும் அப்படியே இருக்க, சுட்டவனை மட்டும் மாற்றிவிட்டாய். சனத்துக்குப் பிடித்த கதைக்கு ஏற்ற மாதிரி உடுப்பு மாட்டி அவனைத் திரும்பவும் நடுவில் விட்டாய். அவன் பெயரைக்கூடச் சொல்லவில்லை, மாமா என்றாய். உனக்குத் தெரியாமல் செய்திருந்தால் மூடத்தனம் என்று விட்டிருப்பேன். உனக்கு எல்லாம் தெரியும், கரடி தெரியும், வேடம் தெரியும், முதல் வரிசை தெரியும். படித்ததெல்லாம் அதை எப்படிச் செய்வதென்று பழகத்தானா?

நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். ஆமி கொல்லவில்லையா என்பாய். கொன்றது. எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு, அதிலேயே மூன்று வீட்டில் கொன்றது. உன் அப்பாவின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது, இன்றைக்கு வரைக்கும் ஆளும் இல்லை, எலும்பும் இல்லை. அதைச் சொல்லேன், அது நடந்தது. அவரும் உனக்குச் சித்தப்பாதானே, அவரை ஏன் மேடைக்குக் கொண்டுவரவில்லை? நான் சொல்லட்டுமா? காணாமல் போனவரை யாரும் பார்க்கவில்லை, அதில் சந்தி இல்லை, கம்பம் இல்லை, பார்த்த தங்கச்சி இல்லை. காட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. சின்னண்ணையின் சாவில் காட்சி இருக்கிறது, அதனால் அதை எடுத்தாய். சித்தப்பாவின் சாவில் சனம் கேட்க விரும்புகிற குற்றவாளி இருக்கிறான், அதனால் அதை எடுத்தாய். இரண்டையும் ஒட்டி ஒன்றாக்கினாய். நீ ஒட்டியதில் இரண்டு பேரும் இல்லாமல் போனார்கள்.

நீ கேட்காத ஒன்றை இப்போது சொல்லுகிறேன். அன்றைக்குக் காரில் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சந்தியில் கூட்டம் தானாகக் கூடவில்லை. விடியக் காலமை கார் ஒன்றில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினார்கள், எல்லாரும் வரவேண்டும் என்றார்கள். வந்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசை உண்டானது. வாத்திமாரும் கடைக்காரரும் முன்னுக்கு, பெண்கள் மதிலோடு பின்னுக்கு. ஒரு மனிதன் தன் பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்திருந்தான், வடிவாகத் தெரியட்டும் என்று. சின்னண்ணையிடம் றேடியோ திருத்திய எல்லாரும் அங்கே நின்றார்கள். இவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று ஒரே ஒரு ஆள் சொல்லியிருக்கலாம். ரோமிலே தோற்றவனை விடச் சொல்லிச் சனம் கேட்குமாம். எங்கள் ஊரில் கேட்கவில்லை. பயம் என்று பிறகு சொன்னார்கள், பயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லா முகத்திலும் பயம் இருக்கவில்லை, அப்பன். சில முகங்களில் பார்க்கிற ஆவல் இருந்தது. அதை நான் பார்த்தேன். ஐம்பது நாட்டுக்கு ஓடினாலும் அந்த முகங்களை நான் மறக்க மாட்டேன்.

பெடியள் கம்பத்துப் பக்கம் பார்க்கவில்லை. அவர்கள் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யார் அழுகிறார்கள் என்று. துரோகிக்கு அழுகிறவள் துரோகியின் ஆள். அம்மா என் கையைப் பிடித்திருந்தா. அவவின் நகம் என் தோலுக்குள் போனது, அவ அழவில்லை. நானும் அழவில்லை. வீட்டுக்கு வந்தும் அழவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. செத்தவீடு செய்ய விடவில்லை, பூசை வைக்கவும் சுவாமியார் தயங்கினார். எங்கள் ஊரில் ஒரு நாய் செத்தாலும் பெண்கள் கூடி நாலு வார்த்தை சொல்லி அழுவார்கள். சின்னண்ணைக்கு ஒருவரும் ஒப்பாரி வைக்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் வைக்கவில்லை. நீ கைதட்டு வாங்கிய சாவு அழப்படாத சாவு என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நீ தேர்தலில் நில், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெல்ல வேண்டும் என்று மெழுகுதிரி கொளுத்துகிறவளும் நான்தான். ஆனால் உனக்கு வாக்குக் கேட்க எங்கள் வீட்டுப் பிணம் தேவையில்லை. மூக்கு ஒழுகுகிற வயதிலேயே நீ எங்கள் சனத்துக்கு அலுவலகம் அலுவலகமாகப் போய் மொழிபெயர்த்தவன். யாருடைய அன்ட்ராக், எந்த விண்ணப்பப் படிவம் என்றாலும் எங்கள் குசினி மேசையில் இருந்துதான் நிரப்பிக் கொடுத்தாய், கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு. புஷ்பம் அக்காவின் விசா விஷயத்தில் அந்த அலுவலகக்காரியோடு நீ நின்று வாதாடியதை அக்கா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அதைச் சொல். சிறுவர் பள்ளியைச் சொல், பஸ்ஸைச் சொல். சனம் தட்டைப் பார்த்தால் பார்க்கட்டும். தின்றுகொண்டே கேட்கிறவனும் வாக்குப் போடுவான். அவனை எழும்பி நிற்கப் பண்ணித்தான் ஆக வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? எழும்பி நிற்கிற சனத்தைக் கண்டு எனக்கு இருக்கிற பயம் உனக்கு இல்லை. அதுதான் எனக்கு உன்னில் வந்திருக்கிற பயம்.

சனிக்கிழமை நான் வருவேன். மேடைக்கு இல்லை. முன்வரிசையில் கதிரைக்கு என் பெயரை ஒட்டாதே, ஒட்டினால் கிழிப்பேன். ரோல்ஸ் பொரிக்கிற பெண்களோடு பின்னுக்கு நிற்பேன். நீ சின்னண்ணையைத் தொடாமல் பேசி இறங்கினால் உன்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சிவிட்டு வீட்டுக்குப் போவேன், இந்தக் கடிதத்தைப் பற்றி நீயும் கதைக்க வேண்டாம், நானும் கதைக்க மாட்டேன். நீ உண்மையைச் சொன்னாலும் சரி, அரைவாசிச் சனம் எழும்பிப் போனால் மிச்ச அரைவாசியோடு நான் இருப்பேன். ஆனால் திரும்பவும் ஆமி என்று நீ தொடங்கினால், நின்ற இடத்திலேயே தலைமயிரை அவிழ்த்துவிட்டு அழுவேன். எனக்கு ஒப்பாரி தெரியும், அம்மாவிடம் கேட்டுப் பழகினது. அன்ரன் என்று பெயர் சொல்லி அழுவேன். யார் கட்டினது, யார் சுட்டது, யார் பிள்ளையைத் தோளில் தூக்கிக் காட்டினது, எல்லாம் சொல்லிச் சொல்லி அழுவேன். அத்தனை வருடத்து அழுகை, ஒலிவாங்கி தேவைப்படாது. பத்திரிகைக்காரர் எழுதட்டும்.

வாசலில் உன் பெடியள் கறுப்புச் சட்டை போட்டு நிற்பார்கள், கூட்டத்தில் யாரும் குழப்பம் செய்கிறார்களா என்று பார்ப்பதற்கு. ஞாயிற்றுக்கிழமையும் நின்றார்கள். நான் அழத் தொடங்கினதும் அவர்கள் உன் முகத்தைத்தான் பார்ப்பார்கள், என்ன செய்யட்டும் என்று. மேடையில் நின்றபடி நீ ஏதாவது சொல்லத்தான் வேண்டும். இந்த மனுசியை வெளியிலை கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு சொல்லுவியோ? அப்படிச் சொல்லேக்கை, இவ என்ர அம்மா எண்டும் சொல்லுவியோ, அப்பன்?

அன்ரனின் தங்கச்சி